அடிபட்ட கண்ணும் கண் அமுக்கமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1979ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பு மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவை முன்னிட்டு ஒவ்வொரு வகுப்பினரும் பதினைந்து நிமிடம் பேசவேண்டும் எனச் சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். மற்ற வகுப்புகள் நாடகப் போட்டியையும் தமிழ்த்தின விழாவையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றிப் பேசினார்கள். நாங்கள் கண்ணைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் செயலாளர் சற்றுத் திகைத்துத்தான் போனார். காரணம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வகுப்பு மறைத்து வைத்திருந்த ஒரு குற்றத்தை இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறோம்.

1979ஆம் ஆண்டு. விஞ்ஞான ஆய்வுகூடத்திற்குப் பின்னால், மதிலோரமாக ஒரு வெறும் நிலம் இருந்தது. ஆசிரியர் வராத பாடவேளைகளில் நாங்கள் அங்கே கிரிக்கெட் விளையாடுவோம். தென்னைமட்டையில் வெட்டிய துடுப்பு, யாரோ ஒருத்தியின் அண்ணாவிடம் களவாக எடுத்த ரெனிஸ் பந்து. பெண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எதற்கு என்று கேட்ட காலம் அது. ஆகவே எல்லாமே இரகசியம். ஒருத்தி எப்போதும் ஆய்வுகூட மூலையில் காவலுக்கு நிற்பாள்.

ஒரு நாள் பந்து உயர்ந்து வராமல் நேராகப் போய் எங்கள் கூட்டாளி ஒருத்தியின் வலக்கண்ணில் பட்டது. அவள் அப்படியே குந்திவிட்டாள். கையை எடுத்துப் பார்த்தோம். கண் சிவந்திருந்தது. "புகார் மாதிரிக் கிடக்கு, ஒண்டும் தெரியேல்லை" என்றாள். கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் முகம் கழுவினோம். ஈரக் கைலேஞ்சியை வைத்து அமத்தினோம். பிறகு எல்லோரும் சேர்ந்து அவளிடம் சொன்னோம்: "தூசி விழுந்திட்டுது எண்டு சொல்லு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அவள் சொல்லவில்லை. அன்று பின்னேரம் கண்ணாடியில் பார்த்தபோது கருவிழியின் அடியில் ஒரு சிவப்புக் கோடு, தண்ணீர் நிற்பதுபோல மட்டமாகத் தெரிந்ததாம். மறுநாள் தலையிடி, சத்தி. காய்ச்சலாக்கும் என்று அம்மா அஸ்பிரின் குளிசையும் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுத்தார். ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது கண் தெளிவாக இருந்தது, கரும்பலகை எழுத்தும் வாசித்தாள். நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காயையும் உடைத்தோம். கதை முடிந்தது என்று நினைத்தோம்.

கதை முடியவில்லை. 2011இல், அதாவது முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தலை முழுகும்போது அவளுடைய இடக்கண்ணில் சவர்க்காரம் பட்டது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு துவாயைத் தேடியவளுக்கு வலக்கண்ணால் துவாய் தெரியவில்லை. எதிரே இருந்த குழாய் தெரிந்தது, பக்கத்தில் தொங்கிய துவாய் தெரியவில்லை. கண் கிளினிக்குக்குப் போனாள். இடக்கண்ணின் அமுக்கம் 16. வலக்கண்ணில் 38.

"இந்தக் கண்ணிலே எப்பவாவது அடிபட்டதா?" என்று வைத்தியர் கேட்டார். "இல்லை" என்றாள். அவர் விடவில்லை. "சின்ன வயதிலே? பந்து, கல்லு, தடி, ஆற்றையாவது முழங்கை?" என்று மறுபடி கேட்டார். அப்போதுதான் அவளுக்கு ஆய்வுகூடத்து மதில் ஞாபகம் வந்தது. அன்றிரவே எங்களில் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தாள். கோபிக்கவில்லை. "உங்களுக்கும் எங்கையாவது அடிபட்டிருந்தால் போய்ப் பாருங்கோடி" என்றுதான் சொன்னாள். இன்று நாங்கள் உங்களுக்குச் சொல்ல வந்ததும் அதையே. பெயரைச் சொல்லவேண்டாம், கதையைச் சொல்லுங்கோ என்று அவள் அனுமதி தந்திருக்கிறாள்.

எங்கள் வகுப்பிலிருந்து கண் வைத்தியரான தோழி ஒருவர் இந்த உரையின் மருத்துவப் பகுதியை எங்களுடன் இருந்து எழுதித் தந்தார். எல்லாவற்றையும் நல்ல தமிழில் சொல்லவேண்டும் என்பதும் அவருடைய விருப்பம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் எம்மவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய வைத்தியர் சாமுவேல் கிறீன் நடமாடிய மண் அல்லவா இது.

சகோதரிகளே, ஆய்வுகூடத்தில் ஆட்டுக் கண்ணை வெட்டிப் படம் கீறியது ஞாபகம் இருக்கிறதா? விழிவெண்படலம், கதிராளி, கண்மணி, வில்லை, விழித்திரை என்று பரீட்சைக்குப் பாடமாக்கினோம். விழிவெண்படலத்திற்கும் வில்லைக்கும் இடையில் இருப்பது நீர்மயவுடனீர் என்று எழுதிப் புள்ளியும் வாங்கினோம். அந்த நீர் தேங்கிக் கிடக்கும் நீரல்ல, ஓடும் நீர் என்பதை நாங்கள் அன்று கவனிக்கவில்லை.

கதிராளிக்குப் பின்னால் உள்ள பிசிர்ப் பகுதி நிமிடத்திற்கு இரண்டு முதல் மூன்று மைக்ரோலீற்றர் அளவில் இந்த நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் சுரப்பதைச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. அது கண்மணியினூடாக முன்னால் வந்து, கதிராளியும் விழிவெண்படலமும் சந்திக்கும் மூலையில் உள்ள சல்லடை போன்ற இழையத்தினூடாக வடிந்து இரத்தத்தில் சேர்கிறது. எங்கள் வயல் வாய்க்கால் போலத்தான். வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும் ஒத்திருந்தால் வரம்பு நிற்கும். வடிகால் அடைபட்டால் அமுக்கம் ஏறும். சாதாரணமாகக் கண்ணின் அமுக்கம் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். அது கூடி நின்றால் பின்னால் உள்ள பார்வை நரம்பு மெல்ல மெல்ல நலியும். அதைத்தான் குளுக்கோமா என்கிறோம். நலிந்த நரம்பை மீண்டும் தளிர்க்க வைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மிஞ்சியிருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும்.

கண்ணில் பந்து மோதும்போது நடப்பது என்ன? கண்குழியின் வாய் ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் அகலம். பட்மின்ரன் பந்தின் தக்கை அதற்குள் நேராகவே போய்விடும். ரெனிஸ் பந்து அதிலும் பெரிதென்றாலும் நசிந்து உள்ளே புடைக்கும். கண் முன்பின்னாக நசுங்கிப் பக்கவாட்டில் விரியும். உள்ளே இருக்கும் நீர் நாலா பக்கமும் தள்ளப்படும். அந்த வேகத்தில் கதிராளியின் ஓரமும் பிசிர்த்தசையும் கிழியலாம்.

இதனால் அமுக்கம் ஏறுவது இரண்டு காலங்களில் நடக்கும்.

முதலாவது, உடனடியாக அல்லது சில நாட்களில். கிழிந்த நாளத்திலிருந்து வடியும் குருதி கண்ணின் முன்னறையில் தேங்கும். எங்கள் கூட்டாளி கண்ணாடியில் பார்த்த சிவப்புக் கோடு அதுவே. குருதிக் கலங்கள் சல்லடையை அடைத்தால் அமுக்கம் திடீரென ஏறி, தலையிடியும் சத்தியும் வரும். அவளுக்கு வந்தது காய்ச்சல் அல்ல. பெரும்பாலானோருக்கு இந்தக் குருதி சில நாட்களில் தானாகவே கரைந்துவிடும். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மீண்டும் கசியும் ஆபத்து அதிகம். இரண்டாவது கசிவு முதலாவதிலும் மோசமாக இருப்பதுண்டு. அஸ்பிரின் குருதி உறைவதைக் குறைக்கும் என்பதால் அந்நேரத்தில் அதைத் தவிர்க்கவேண்டும். அவளுடைய அம்மா அறிந்து செய்த பிழையல்ல அது. கண்ணில் அடிபட்டது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பொறுப்பு நாங்கள்.

அடிபட்ட வேகத்தில் வில்லை இடம்பெயர்ந்து நீரோட்டத்தை மறிப்பதும் உண்டு. உள்ளே ஏற்படும் அழற்சியாலும் அமுக்கம் ஏறும். அழற்சிக்குக் கொடுக்கும் ஸ்ரெரோயிட் துளிமருந்தும் சிலருக்கு அமுக்கத்தை ஏற்றும். ஆகவே வைத்தியர் சொன்ன காலத்திற்கு மேல் அதைப் பாவிக்கக் கூடாது. பழைய போத்தலைக் காட்டிப் பாமசியில் மீண்டும் வாங்கவும் கூடாது.

இரண்டாவது காலம், பல ஆண்டுகளுக்குப் பிறகு. எங்கள் கூட்டாளிக்கு நடந்தது இதுதான். பிசிர்த்தசையின் நார்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, மூலை பின்வாங்கிவிடுகிறது. முன்னறையில் குருதி தேங்கிய கண்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தப் பின்வாங்கலைக் காணலாம். 1892இலேயே இங்கிலாந்தின் கண் வைத்தியர் திரீச்சர் கொலின்ஸ் இந்தக் கிழிவை விவரித்துவிட்டார். பழைய அடியையும், பிற்காலத்தில் ஒரு கண்ணில் மட்டும் வரும் குளுக்கோமாவையும் தொடர்புபடுத்தி அவுஸ்திரேலிய வைத்தியர் டொம்பிறெயின் 1949இல் எழுதினார். மூலை பின்வாங்கியவர்கள் எல்லோருக்கும் குளுக்கோமா வருவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம் என்பார்கள். மூலையின் சுற்றளவில் பாதியோ அதற்கு மேலோ சேதமுற்றிருந்தால் ஆபத்து கூடும். அது ஓராண்டில் வரலாம், முப்பது ஆண்டு கழித்தும் வரலாம். சல்லடை இழையம் காலப்போக்கில் தழும்பேறி இறுகிப்போவதே காரணம். இவர்களுக்கு அடிபடாத மற்றக் கண்ணிலும் அமுக்கம் கூடும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம். ஆகவே இரண்டு கண்களையும் பார்க்கவேண்டும்.

இதில் நோ இல்லை, சிவப்பு இல்லை. பார்வை ஓரத்திலிருந்து குறைகிறது, நடுப்பார்வை கடைசிவரை நிற்கிறது. ஒரு கண் இழப்பதை மற்றக் கண் ஈடுசெய்துவிடும். அதனால்தான் ஓர் ஆசிரியையாக ஆயிரக்கணக்கான கொப்பிகளைத் திருத்தியவளுக்கு, பக்கத்தில் தொங்கிய துவாய் மறைந்துபோனது தெரியவரவில்லை. கண்ணாடி இலக்கம் பார்ப்பது மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. அமுக்கம் அளக்கவேண்டும், பார்வை நரம்பைப் பார்க்கவேண்டும், சிறிய ஆடி பொருத்திய வில்லையைக் கண்ணில் வைத்து மூலையைச் சுற்றிவரப் பார்க்கவேண்டும். கண்ணை மரக்கவைக்கும் துளியை விட்டே இதைச் செய்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆகவே உங்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி. உங்கள் கண்ணில் எப்போதாவது பலமாக அடிபட்டதா? வலைப்பந்து மைதானத்தில் ஒருத்தியின் முழங்கை, மாங்காய்க்கு எறிந்த தடி, விறகு கொத்தும்போது தெறித்த சிராய், வாகன விபத்து? எங்களில் பலருக்கு இன்னொரு பட்டியலும் உண்டு. செல் விழுந்து தெறித்த சன்னம், குண்டு வெடித்த அதிர்வு, இடிந்த சுவரின் கல். அந்த நாட்களில் உயிர் தப்பியதே பெரிது. கண்ணை யார் பார்த்தார்கள்? கிளினிக் கொப்பியும் இடம்பெயர்வில் தொலைந்தது. பிறகு ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேர்ணிலோ புதிய வைத்தியரிடம் போனபோது, அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை, சொல்ல மனமும் வரவில்லை. அன்புகூர்ந்து சொல்லுங்கள். எங்கே, எப்படி என்ற விபரம் வேண்டாம். "இந்தக் கண்ணில் முன்பு அடிபட்டது" என்ற ஒரு வசனம் போதும். கண்ணுக்குள் உலோகத் துணுக்கு இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்குமுன் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் துணுக்கை அசைத்துவிடும்.

மூலை பின்வாங்கியிருப்பதாக வைத்தியர் சொன்னால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அமுக்கத்தை அளந்து பார்க்கவேண்டும். ஐந்தாண்டு நன்றாக இருந்தது, இனி வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. வாழ்நாள் முழுவதும் பார்க்கவேண்டும்.

அமுக்கம் ஏறியிருந்தால் பெரும்பாலும் துளிமருந்தில் தொடங்குவார்கள். நீர் சுரப்பதைக் குறைக்கும் மருந்தே முதலில் வரும். அவற்றுள் ஒன்றான ரிமோலோல் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிழுப்பை உண்டாக்கும். ஆகவே தொய்வு இருந்தால் முதலிலேயே சொல்லவேண்டும். துளி விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் மெதுவாக அமத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்குப் போகாமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். மருந்து போதாதபோது, நீர் வடிவதற்குப் புதுவழி அமைக்கும் சத்திரசிகிச்சை செய்வார்கள். மற்றைய குளுக்கோமாக்களுக்கு உதவும் சல்லடை லேசர் சிகிச்சை இந்த வகைக்கு அவ்வளவாகப் பலன் தருவதில்லை.

இனி, இன்றைய மாணவச் செல்வங்களுக்கும் தாய்மாருக்கும். கண்ணில் பலமாக அடிபட்டால் கண்ணைத் தேய்க்கவோ அமத்தவோ வேண்டாம். நாங்கள் ஈரக் கைலேஞ்சியால் அமத்தியது பெரும் பிழை. கண் கிழிந்திருந்தால் உள்ளே உள்ளது வெளியே வந்துவிடும். கண்ணைத் தொடாதபடி, காகிதக் குவளையின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து, அதன் விளிம்பு எலும்பில் படும்படி வைத்து ஒட்டுங்கள். குத்தி நிற்கும் எதையும் இழுக்காதீர்கள். நந்தியாவட்டைச் சாறும் முலைப்பாலும் விடவேண்டாம். நோவுக்குப் பரசிற்றமோல் போதும், அஸ்பிரினும் இபுபுறோபனும் வேண்டாம். அன்றே கண் வைத்தியரிடம் போங்கள். பார்வை மங்கல், கருவிழியில் சிவப்பு, ஒழுங்கற்ற கண்மணி, தலையிடியுடன் சத்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கவேண்டாம். முன்னறையில் குருதி தேங்கியிருந்தால் தலையை உயர்த்திப் படுக்கவேண்டும். விளையாட்டும் பாரம் தூக்குவதும் வைத்தியர் சொல்லும்வரை கூடாது.

ஒரேயொரு விதிவிலக்கு இரசாயனப் பொருட்கள். வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்போ, கட்டட வேலைச் சீமெந்தோ, கழிவறை கழுவும் திரவமோ கண்ணில் பட்டால் முதலில் தண்ணீர். அந்த இடத்திலேயே, குறைந்தது அரை மணி நேரம், இமையை விரித்துக் கழுவுங்கள். கழுவியபின்தான் வாகனம் தேடவேண்டும். சுண்ணாம்பு பட்ட கண்ணிலும் பிற்காலத்தில் அமுக்கம் ஏறும்.

சங்கத்திடம் எங்கள் வகுப்பின் சார்பில் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, பாடசாலை முதலுதவிப் பெட்டியில் கண்ணை மூடும் பிளாஸ்ரிக் காப்புகள் இருக்கவேண்டும். அவற்றையும், பட்மின்ரன் விளையாடும் பிள்ளைகளுக்கு உடையாத பொலிகார்பனேற் காப்புக் கண்ணாடிகளையும் எங்கள் வகுப்பு இன்றே கையளிக்கிறது. இரண்டாவது, கண்ணில் அடிபட்ட ஒவ்வொரு பிள்ளையின் விபரமும் ஒரு புத்தகத்தில் பதியப்பட்டு, பெற்றோருக்கு ஒரு கடிதம் போகவேண்டும். அந்தக் கடிதத்தைப் பிள்ளை பெரியவளான பின்னும் வைத்திருக்கவேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். உண்மையைச் சொல்லும் பிள்ளையை அந்த நேரத்தில் பேசவேண்டாம். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறோம். எங்கள் வைத்தியத் தோழி மறைக்காமல் சொன்னார்: கிழிந்த மூலையை அன்றும் தைத்திருக்க முடியாது, இன்றும் முடியாது. ஆனால் ஆண்டுதோறும் அமுக்கம் பார்த்திருந்தால், ஏறத் தொடங்கியபோதே துளிமருந்து தொடங்கியிருப்பார்கள். அவளுடைய வலக்கண் இன்று முழுதாக இருந்திருக்கக் கூடும். இப்போது அந்தக் கண்ணில் நடுவே சிறு வட்டம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் அமுக்கம் 14இல் நிற்கிறது. அந்த வட்டம் பதினான்கு ஆண்டுகளாகக் குறையவில்லை. அதனால் அவள் தன் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள்.

சென்ற வருடம் நாங்கள் ஐந்து பேர், அன்றைய எங்கள் வகுப்பாசிரியையின் வீட்டுக்குப் போனோம். அவருக்கு எண்பத்தெட்டு வயது. எல்லாவற்றையும் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எங்கள் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லாப் பேசியிருப்பன் பிள்ளையள். ஆனால் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

அது எங்களுக்கு அன்று தெரியாமல் போயிற்று. இங்கிருக்கும் பிள்ளைகளுக்கு இன்றே தெரியட்டும்.